ஏலக்காய்க் கடையில் இறங்கிய கல்லூரி வரலாறு

அன்னைக்கு எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். மலை மேல இருக்குற குரங்கணிக்குப் போயி கொஞ்சம் பழைய காகிதத்தை வாங்கிட்டு வந்து காலேஜுல சேர்க்கணும்.

எழுபதுகள் முடியுற நேரம். போடியில ஒரு காலேஜுல நான் வரலாறு வாத்தியார். வாத்தியார்னா தற்காலிகம். மூணு வருஷமா தற்காலிகம்.

மறுநாள் ஆண்டு விழா. பிரின்சிபாலுக்குத் திடீர்னு ஒரு யோசனை. காலேஜோட வரலாறு, மரபு எல்லாத்தையும் ஊருக்குக் காட்டுற மாதிரி ஒரு கண்காட்சி வைக்கணுமாம். வரலாறு எடுக்குறவன் நான்தானே, அதனால இதுவும் என் தலையில. அசோகரைப் பத்திக் கேட்டா அரை மணி நேரம் பேசுவேன். இந்தக் காலேஜை எந்த வருஷம் ஆரம்பிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது.

ஒழுங்கா முடிச்சா என் பேரை நிரந்தரத்துக்குப் பரிந்துரை பண்ணுறேன்னு சொன்னாரு. ஒழுங்கா முடிக்கலைன்னா என்ன பண்ணுவாருன்னு சொல்லல. எனக்கும் கேக்கத் தைரியம் இல்ல.

மரபுன்னா எங்க காலேஜுல மணிக் கயிறுதான். மத்த காலேஜுல எல்லாம் மணி வராந்தாவுல தொங்கும், கயிறும் கைக்கு எட்டும். எங்க காலேஜுல மணி வராந்தாவுல இருந்தாலும், கயிறு மேல்தளத்து ஓட்டை வழியா மேல போயி, மாடி அறைக்குள்ள கட்டியிருக்கும். ஒவ்வொரு பீரியடுக்கும் பியூன் படியேறிப் போயி அடிச்சிட்டு இறங்குவாரு. அறிவுங்கிறது ஏறி வந்து அடைய வேண்டியது, அதை உணர்த்தத்தான் நிறுவனர் இப்படிக் கட்டச் சொன்னாருன்னு பிரின்சிபால் வருஷா வருஷம் புதுசா சேர்ற பசங்ககிட்ட சொல்லுவாரு. குரல் தழுதழுக்கும். அதுக்கு ஆதாரம் பழைய காகிதத்துல இருக்கும், எடுத்துப் பெருசா எழுதி வைங்கன்னு எனக்கு உத்தரவு.

காகிதம் எல்லாம் குரங்கணியில வேலுச்சாமி அண்ணன்கிட்ட இருந்துச்சு. அவருதான் காலேஜோட முதல் கிளார்க்கு. ஆபீஸ் அறையை இடிச்சுக் கட்டுனப்போ, கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல வையுங்கன்னு குடுத்திருக்காங்க. அப்புறம் யாருமே கேக்கல. அவரும் ரிட்டையர் ஆகி, குரங்கணியில ஒரு ஏலத்தோட்டத்துல கணக்கெழுதப் போயிட்டாரு. காகிதமும் கூடவே போயிருச்சு.

நான் போயி விஷயத்தைச் சொன்னதும் அவரை விட அவர் சம்சாரத்துக்குத்தான் சந்தோஷம். பரணுக்கு விடுதலை. அட்மிஷன் ரிஜிஸ்டர், கடிதக் கட்டு, பழைய ஆண்டு மலர், கண்ணாடி போட்ட முதல் வருஷ குரூப் போட்டோ, எல்லாத்தையும் ஆளுக்கொரு பக்கமா தூக்கி இறக்குனோம். கட்டுறதுக்குப் பெட்டி இல்ல. தோட்டத்துல எது இருக்கோ அதுதானே. ஏலக்காய்ச் சாக்கு ஒண்ணு கொண்டாந்தாரு. தோட்டத்து முதலாளி சின்னச்சாமியோட மார்க்கு அதுல கறுப்பு மையில பெருசா இருந்துச்சு.

போட்டோ உடையக் கூடாதுன்னு அவரோட பழைய வேட்டியைச் சுத்துனாரு. அப்புறம் கோணி ஊசி எடுத்து வாயை நெருக்கமா தைச்சுட்டாரு. போற வழியில படிக்கலாம்னு இருந்தேன், தைக்காதீங்கண்ணேன்னு சொன்னேன். இத்தனை வருஷமா தைக்காத மூட்டை ஒண்ணு அவர் கையை விட்டுப் போனதில்லையாம்.

கீழே இறங்க நின்ன ஜீப்புல ஏலக்காய் மூட்டை பாதி, தோட்டத்து ஆளுக மீதி. டிரைவர் பாண்டி என்னை ஒரு தடவை, மூட்டையை ஒரு தடவை பாத்தாரு.

"மூட்டைக்கு இடம் இருக்கு சார். உங்களுக்குத்தான் இல்ல."

காலேஜு வாசல்ல இறக்கிருங்கன்னு சொன்னேன். கண்டிப்பான்னு சொன்னாரு. பாரம் இல்லாம பஸ்சுல வரலாம்னு எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேற.

அடுத்த பஸ்சு புடிச்சு காலேஜுக்கு வந்தா, வாசல்ல வாட்ச்மேன் மட்டும் உக்காந்திருக்காரு. ஜீப்பும் வரல, மூட்டையும் வரலன்னாரு.

ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஓடுனேன். டீக்கடையில பாண்டி நிம்மதியா வடை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. மூட்டை எங்கன்னு கேட்டதும் அவர் முகத்துல நிம்மதி போயி, வாயில வடை அப்படியே நின்னுருச்சு. ஒரு டீ குடிச்சிட்டு காலேஜுக்குப் போகலாம்னு வண்டியை நிறுத்தியிருக்காரு. அதுக்குள்ள லோடுமேனுக வந்து எல்லா மூட்டையையும் இறக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. சீசன்ல மலையில இருந்து தைச்ச மூட்டை இறங்குனா அது ஏலக்காய்தான். சின்னச்சாமி மார்க்கு இருந்தா, அவர் சரக்கை வித்துக் குடுக்குற காதர் பாய் கமிஷன் கடைதான். யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க.

கடைக்கு நான் எப்படிப் போனேன்னு தெரியல. செருப்பு ஒண்ணு வழியில அறுந்துச்சுன்னு மட்டும் தெரியும்.

வாசல்ல பெருங்கூட்டம். ஏலக்காய் லேசான சரக்கு. மத்த மூட்டை எல்லாம் ஒரு அளவா தராசுல ஏறி இறங்கியிருக்கு. எங்க மூட்டையை வச்சதும் தட்டு டம்முனு கீழ போயி உக்காந்துருச்சு. லோடுமேன் தட்டிப் பாத்திருக்காரு. கெட்டியா இருந்திருக்கு. கல்லுன்னு ஒருத்தர் சொல்ல, அஞ்சு நிமிஷத்துல பஜார் பூரா கல்லு.

போடியில ஒரு மனுஷனை என்ன வேணாலும் சொல்லலாம். ஏலக்காயில கல்லைப் போட்டாருன்னு மட்டும் சொல்லக் கூடாது. அதுக்கப்புறம் அவர் சரக்கை யாரும் தொட மாட்டாங்க.

போடியில இருக்குற வீட்டுக்கு ஆள் விட்டு சின்னச்சாமி முதலாளியைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்திருப்பாரு போல, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்துச்சு. கூடி நின்ன வியாபாரிக யாரும் அவர் முகத்தைப் பாக்கல. அவரு மூட்டையில இருந்த தன் மார்க்கைத் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

உண்மையைச் சொல்லிருறேன். நான் உடனே முன்னாடி போகல. தூணுக்குப் பின்னாடி நின்னேன். கூட்டம் கலைஞ்சதும் நைசா காதர் பாய்கிட்ட கேட்டு வாங்கிக்கலாம், விஷயம் பிரின்சிபால் காதுக்குப் போகாது, வேலை தப்பிச்சுரும். இப்படி ஒரு கணக்கு ஓடுச்சு மனசுக்குள்ள. நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

காதர் பாய் தயங்கித் தயங்கி, மூட்டையைப் பிரிக்கவாண்ணேன்னு கேட்டாரு.

"பிரிங்க பாய். உள்ள ஒத்தக் கல்லு இருந்தாலும் இனி இந்தக் கடைப்படி ஏற மாட்டேன்," அப்படின்னாரு முதலாளி.

அதுக்கு மேல எனக்குத் தாங்கல. முன்னாடி போயி நின்னேன்.

"அண்ணே, அது ஏலக்காய் இல்ல. எங்க காலேஜு."

ஒருத்தருக்கும் புரியல. வெயில்ல நடந்து வந்த வாத்தியாருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு ஒருத்தர் சோடா வாங்கப் போயிட்டாரு. காதர் பாய் தையலை அறுத்தாரு. முதல்ல வெளிய வந்தது வேலுச்சாமி அண்ணன் வேட்டி. அதுக்குள்ள போட்டோ. அப்புறம் ரிஜிஸ்டரா வர ஆரம்பிச்சுச்சு.

சின்னச்சாமி முதலாளி அப்படியே ஒரு மூட்டை மேல உக்காந்துட்டாரு. என்னைத் திட்டுவாருன்னு நினைச்சேன். தண்ணி மட்டும் கேட்டாரு.

எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்னு குனிஞ்சேன். முடியல. போட்டோ அதுக்குள்ள கை மாறிப் போயிருச்சு. ரிஜிஸ்டரை நாலு பேரு விரிச்சுட்டாங்க. முதல் வருஷம் படிச்சவங்க பாதிப் பேரு அந்த பஜார்லதான் கடை வச்சிருக்காங்க! யாருக்குக் கணக்குல என்ன மார்க்கு, யாரு ஒரே மாசத்துல நின்னது, எல்லாம் வெளிய வந்துருச்சு. மெட்ராஸ்ல படிச்சேன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூட்டத்துல இருந்து மெதுவா நகர்ந்து போனாரு.

சின்னச்சாமி முதலாளி தண்ணியைக் குடிச்சிட்டு, கடிதக் கட்டைப் பிரிச்சு மடியில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு கடிதத்துல அவர் கண்ணு நின்னுருச்சு. காதர் பாயை நிமிந்து பாத்தாரு. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா படிச்சாரு.

"பெருமதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு. நேற்று நான் கல்லூரி மணியை ஒரு மணி நேரம் முன்னதாக அடித்து, அனைவரும் வீடு செல்லக் காரணமாக இருந்தது உண்மை. அன்று எங்கள் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி. தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தால் இவ்வாறு செய்துவிட்டேன். இனி கயிற்றைத் தொடமாட்டேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன், காதர்."

கீழே அந்தக் காலத்து முதல்வர் சிவப்பு மையில ஒரு வரி எழுதியிருந்தாரு. 'இன்று முதல் மணிக் கயிற்றை மாடி அறையில் கட்டவும்.'

பஜாரே சிரிச்சுச்சு. லோடுமேனுக தராசைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. கொஞ்ச நேரம் முன்னாடி முகம் குடுக்காத வியாபாரிக எல்லாம் முதலாளி தோளுல கை போட்டாங்க. காதர் பாய் கொஞ்சமும் அசரல. பிரியாணி கிடைச்சதா இல்லையான்னு யாரோ கேட்டாங்க. கிடைச்சுச்சு, ரெண்டாம் பந்தியிலன்னாரு.

சிரிக்காதது நான் ஒருத்தன்தான். ஆதாரம் கேட்டாரே பிரின்சிபால், இந்தா கிடைச்சிருச்சு!

எல்லாரும் படிச்சு முடிச்சப்புறம், தள்ளுவண்டியில வச்சு மூட்டையைக் காலேஜுக்குக் கொண்டு போனேன். சாயங்காலமே கண்காட்சியை அடுக்கிட்டேன். வராந்தாவுல மணிக்குப் பக்கத்துல நிறுவனர் தத்துவத்தைப் பெரிய எழுத்துல எழுதி மாட்டுனேன். காதர் பாய் கடிதத்தை ஓரமா, ரெண்டு ஆண்டு மலருக்கு அடியில ஒளிச்சு வச்சேன். கிழிச்சுப் போட மனசு வரல, என்ன இருந்தாலும் வரலாறு எடுக்குறவன். எப்படியும் யாரும் வரப் போறதில்ல. ஆண்டு விழாவுக்கு வர்றவங்க பிள்ளை பரிசு வாங்குனதும் பஸ்சுக்குப் போயிருவாங்க.

மறுநாள் காலையில பஜாரே கிளம்பி வந்துச்சு. வியாபாரிக, லோடுமேனுக, பாண்டி, எல்லாரும் வெரசா வந்து வரிசையில நின்னாங்க. முன்னாடி நாள் பாக்காதவங்களுக்கு, பாத்தவங்க விளக்கம் சொன்னாங்க. காதர் பாய் குடும்பத்தோட வந்து, எங்க என் கடிதம்னு கேட்டு, தேடி எடுத்து, நிறுவனர் தத்துவத்துக்கு மேலயே குத்தி வச்சிட்டாரு. கயிறு தொங்குன இடத்துல நின்னு, எப்படி இழுத்தாருன்னு நடிச்சும் காட்டுனாரு.

சரியா அந்த நேரத்துல பிரின்சிபால் சிறப்பு விருந்தினரைக் கூட்டிக்கிட்டு உள்ள வந்தாரு. நான் தரையைப் பாத்தேன்.

சிறப்பு விருந்தினர் கடிதத்தைப் படிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. இத்தனை கூட்டத்தை ஒரு காலேஜு கண்காட்சியில தான் பாத்ததே இல்லைன்னு பிரின்சிபால் கையைப் புடிச்சுக் குலுக்குனாரு.

பிரின்சிபால் கடிதத்தைப் பாத்தாரு, தத்துவத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அப்புறம் தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு, மரபுங்கிறது மாணவர்கள்கிட்ட இருந்துதான் பிறக்கணும்னு தான் எப்பவுமே சொல்லிக்கிட்டு வர்றதா சொன்னாரு. குரல் வழக்கம் போலத் தழுதழுத்துச்சு.

ரெண்டு வாரத்துல என் வேலை நிரந்தரம் ஆச்சு. கல்லூரி வரலாறு கடைவீதி வரைக்கும் போய்ச் சேரும்படி மிகுந்த முன்யோசனையோடு திட்டமிட்டவர்னு பரிந்துரைக் கடிதத்துல என்னைப் பத்தி எழுதியிருந்தாரு.

அந்தத் திட்டத்துல நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. மூட்டை மேல காலேஜு பேரை எழுத மறந்தேன்.