குப்பைக்குச் சூடு நல்லது என்று அம்மாவிடம் சொல்லுங்கோ

கொக்குவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த பராசக்தி பெரியம்மாவுக்கு,

றஜிதா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்காலும் பெரியப்பாவின் பிரஷரும் அடங்கியிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம், ஆனால் என் போனை அம்மாதான் முதலில் வாசிப்பா. அதனால் நாளை லண்டனுக்குப் புறப்படும் மயூரதனிடம், உங்களுக்கான பனங்கிழங்கு ஒடியல்மாவோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

அம்மா இந்த உலகத்தில் தன் அக்கா சொல்லை மட்டும்தான் கேட்பா. நீங்கள் போன் எடுத்து, என் குப்பைக் குவியலைத் தொட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். பின்வளவில் வைக்கோல், வாழைமட்டை, மாட்டெரு எல்லாம் சேர்த்து நெஞ்சளவுக்குக் குவித்திருக்கிறேன். அதன் நடுவில், நாங்கள் கை வைத்தால் பொறுக்கமுடியாத அறுபது பாகைச் சூட்டில், சில பற்றீரியாக்கள் சந்தோஷமாகக் குடியிருக்கின்றன. வைக்கோலைக் கரைக்கிற நொதியத்தை அவை சுரக்கும். அந்த நொதியம்தான் என் ஆய்வு. வெள்ளிக்கிழமை எங்கள் பேராசிரியை குவியலில் மாதிரி எடுக்க வருகிறா. அதற்குள் குவியல் ஆறிவிட்டால் எனக்கு இந்த வருடம் பட்டம் இல்லை, பெரியம்மா.

முதலில் பக்கத்து வளவுத் தேவராசா மாமா. விடியப்புறம் குவியலிலிருந்து ஆவி எழும்புவதைக் கண்டு, "பிள்ளை, உங்கடை வளவு எரியுது!" என்று மதிலுக்கு மேலாலை இரண்டு வாளி தண்ணி. சத்தத்துக்கு ஓடிவந்த அம்மா குவியலுக்குள் கையை விட்டா, "ஐயோ" என்று இழுத்தா. அங்கேதான் நான் பிழை விட்டேன். "உள்ளுக்கை உயிர் இருக்கு அம்மா, அதுதான் சூடு" என்று சொல்லிப்போட்டன். "உயிருள்ளதுக்கு இவ்வளவு சூடு கூடாதடி, காய்ச்சல் கண்டமாதிரியெல்லோ கொதிக்குது." "அதுகளுக்குச் சூடுதான் அம்மா சுகம்." "நீயும் உப்பிடித்தான் சொல்லுவாய். நித்திரை முழிச்சுக் கண் ரெண்டும் சிவந்து கிடக்கு. முதல் தலைக்கு நல்லெண்ணெய் வை."

அண்டைக்கே குவியலுக்கு வெந்தயம் ஊறவைச்ச தண்ணி ஊத்தினா. அடுத்த நாள் ஒரு சட்டி மோர். நேற்று நான் பல்கலைக்கழகத்தாலை வந்து பார்க்க, செவ்விளநீரைச் சீவிச் சீவி ஊத்திக்கொண்டு நிக்கிறா, தேவராசா மாமா மதிலுக்கு அந்தப்பக்கம் நிண்டு, "உதயகலா, பனங்கற்கண்டும் கொஞ்சம் கரைச்சு விடுமன்" என்று வைத்தியம் சொல்லுறார். எனக்கு ஒரு இளநியும் மிஞ்சேல்லை. வெப்பமானியை விட்டுப் பார்த்தன், நாற்பது. "இறங்கிட்டுதோ?" என்று அம்மா கேட்டா. ஓம் எண்டன். பெத்த பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டமாதிரி அவவின்ரை முகம். அந்த முகத்தோடை நான் எப்பிடிச் சண்டை பிடிக்கிறது? களைச்சுப்போனன் பெரியம்மா. அதுதான் பாரத்தை உங்களிட்டை விடுறன்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம், கீர்த்திகா அக்காவுக்கு அன்பு. உங்கள் ஆசி எனக்கு எப்போதும் போல வேண்டும், இந்தக் கிழமை கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
றஜிதா

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் ஒருக்கால் போய் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். அறுபத்தைந்து! குவியல் உள்ளே காய்ந்து, பட்டினி கிடந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. மோரும் இளநீரும் அதுகளுக்கு விருந்தாகிவிட்டன. ஆகவே அம்மாவுக்கு நான் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டாம். போன் எடுத்தால், "குப்பைக்குச் சூடு இன்னும் விடேல்லையாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் மோரை நிப்பாட்டாதை" என்று சொல்லுங்கோ.