கொலுவுக்கு அடியில் உன் தூண்கள்

மகா கனம் பொருந்திய எம்.டெக். அக்கா ஸ்நேஹாவுக்கு, உன் ஒரே தம்பி சுஹாஸ் மயிலாப்பூரிலிருந்து அநேக நமஸ்காரம். இங்கு யாவரும் க்ஷேமம், என்னைத் தவிர. புனே கருத்தரங்கில் உனக்குப் புளிக்காத தயிர் கிடைக்கப் பகவான் அருளட்டும்.

அக்கா, பதறாதே. உனக்கும் சேர்த்து நானே பதறிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி நார்த்துணியைப் பிசினில் தோய்த்துச் சுற்றினாயே, வெள்ளிக்கிழமை லேபில் நசுக்கிப் பார்க்க வேண்டிய கான்கிரீட் குட்டித் தூண்கள், அவை பால்கனியில் நின்றன. அமாவாசையன்று அம்மா அவற்றைத் தூக்கிவந்து, "எல்லாம் ஒரே உசரம்டா! கீழே பார்க் வைக்க எடம் கெடைக்கும்" என்று கொலு ஸ்டாண்டின் கால்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு வேறு. உன் டிகிரி போச்சே! அம்மா வடக்கு மாட வீதிக்குப் பொம்மை வாங்கப் போன சமயம், கட்டிலுக்கடியில் சாக்கில் கிடந்த, துணிக்கடியில் குமிழி விட்டதென்று நீ கழித்த வேஸ்ட் தூண்களைக் கொலுவுக்கு மாற்றிவிட்டு, உன் செல்லங்களை என் போர்வையில் சுற்றி அலமாரியில் படுக்க வைத்திருக்கிறேன். நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்.

பிரச்சினை இப்போ அந்த வேஸ்ட்தான். சீரியல் லைட்டைச் சரிபண்ண வேதாந்தம் மாமா தினம் படிமேல் ஏறுகிறார். மாமாவின் சைஸ் உனக்குத் தெரியும். நேற்று "டிக்" என்று ஒரு சத்தம். இரும்புக் கம்பி என்றால் வளைந்து எச்சரிக்கும், நார் சுற்றின தூண் கடைசி வரைக்கும் தாங்கிவிட்டு டமால்னு துணி கிழிஞ்சு வெடிக்கும்னு நீதானே சொன்னே?

"மாமா, எறங்குங்கோ! தூண் வெடிக்கப் போறது!" என்று கத்தினேன்.

"முந்தாநாள் பிள்ளையார் பின்னாடி போனை ஒளிச்சு வச்சு வெடிச் சத்தம் விட்டவன்தானேடா நீ? போடா!"

அந்தப் போனும் பறிமுதல். அதனால்தான் இந்தக் கூரியர். விஜயதசமி வரைக்கும் கொலுவை அசைக்கக் கூடாதாம். எனக்குச் சுண்டல்கூட இறங்கவில்லை; இரண்டாம் கிண்ணம், அதாவது. சீக்கிரம் வந்து காப்பாற்று.

சகல சௌபாக்கியமும் உன்னைத் தேடி வரட்டும்.

உன் தூண்காவலன்,
சுஹாஸ்

பி.கு.: இப்போதுதான் அம்மா பக்கத்து வீட்டு ஐரின் ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஸ்நேஹா சொன்னபடி, குமிழி விட்ட வேஸ்ட்டைத்தான் கொலுவுக்கு வச்சேன். நல்லதெல்லாம் சாக்குல கட்டிக் கட்டிலுக்கடியில பத்திரமா இருக்கு." ஆகவே என் போர்வையில் தூங்கறதுதான் வேஸ்ட்; கொலு விழாது, பயப்படாதே. லாரி ஏறினாலும் தாங்கும்னு சொன்னியே, அந்த நல்ல தூண்கள் மேலதான் மாமா ஏறிண்டிருக்கார். விஜயதசமி ஞாயிற்றுக்கிழமைதான். முடிந்தால் வெள்ளிக்கிழமை லேபை நம்மாத்துக்குக் கூட்டிண்டு வா. சுண்டல் உண்டு.