சிரிக்காத பூசணிக்காய்

"மிஸ், ஸ்கூல்ல துட்டு தீர்ந்துபோனா கலர் எல்லாம் எங்க போகும்?"

இரண்டாம் வகுப்பு வீணா கோமளம் டீச்சரிடம் இப்படிக் கேட்டாள். ஒக்கலிபுரத்தில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் செலவைக் குறைக்கக் கிளம்பிய செயலாளர் பெருமாள்சாமி, முதலில் கைவைத்தது சித்திர வகுப்பில்தான். டிராயிங் மாஸ்டரை அனுப்பிவிட்டார். கிரையான் வாங்குவதும் நின்றது.

"சித்திரம் சோறு போடுமா டீச்சர்? அந்த நேரத்துல வாய்ப்பாடு சொல்லிக்குடுங்க."

கடவுள் கிளிக்குப் பச்சை அடித்தது சோற்றுக்காகவா என்று கோமளம் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் பிள்ளைகளுக்குக் கரித்துண்டு கொடுத்துப் பின்பக்கச் சுவரில் வரையவிட்டாள். அவர்கள் ரயில் வரைந்தார்கள். ரயில் அந்தச் சுவரோடு நிற்காமல் மூலை திரும்பி, செயலாளர் அறை வாசல்வரை போய்விட்டது. மிச்சம் பிடித்த காசெல்லாம் சுண்ணாம்பு அடிக்கவே சரியாயிற்று.

"இன்னொரு தடவை சித்திரம்னு பேச்சு வந்தா, மாஸ்டர் போன வழியிலேயே நீங்களும் போகலாம்" என்றார் பெருமாள்சாமி.

கோமளத்துக்கு வேலை முக்கியம். பிள்ளைகளின் முகமும் முக்கியம். அதனால் பள்ளிக்கு வெளியே வழி தேடினாள்.

தெருமுனையில் ரங்கா திருஷ்டிப் பூசணி விற்றான். ஊரெங்கும் வீடுகள் எழும்பிய காலம். ஒவ்வொரு புது வீட்டு வாசலுக்கும் பூத முகம் வரைந்த பூசணிக்காய் ஒன்று வேண்டும். பூசணியும் பெயின்ட்டும் அவன் தருவது, பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஆசை தீர வரைவது என்று பேச்சு.

முதல் நாளே ரங்கா தலையில் கைவைத்தான்.

"என்ன டீச்சரம்மா, உங்க பூதம் எல்லாம் சிரிக்குது! இதைப் பார்த்தா கண்ணு ஓடாதும்மா, உள்ள வந்து காபி கேட்கும்!"

கோமளம் யோசித்தாள். "பிள்ளைங்களா, யாரைப் பார்த்தா உங்களுக்குப் பயமோ அவரை நினைச்சு வரைங்க."

சொல்லிவிட்டு அவள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் புதிதாக வரைந்த பூசணி அத்தனையும் விற்றுப்போயிருந்தது.

"பிரமாதம்மா! எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. கூடின புருவம், தொங்கு மீசை, உப்பின கன்னம்!"

அது செயலாளரின் முகமேதான் என்று கோமளத்துக்குப் புரிந்துவிட்டது. "கடைசியா யாரு வாங்கினாங்க?"

"உங்க பெருமாள்சாமி சாரு வீட்டம்மாதான். புது வீட்டுக்கு."

மறுநாள் விடிந்ததும், விற்காமல் கிடந்த சிரிக்கிற பூசணி ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோமளம் அந்த வீட்டுக்கு ஓடினாள். முக்காலி மேல் ஏறி, தொங்கிய பூசணியின் கயிற்றை அவிழ்க்கும்போது கதவு திறந்தது.

"அய்யோ டீச்சர், அதைத் தொடாதீங்க!" என்றாள் செயலாளரின் மனைவி அலர்மேல்மங்கை.

பின்னால் பெருமாள்சாமி வந்தார். பூசணியைப் பார்த்தார். கோமளத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"யார் வரைஞ்சது?"

பொய்க்கு மன்னிப்பைச் சாமியிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று, "நான்தான் சார், பிள்ளைங்க மேல தப்பில்ல" என்றாள்.

அவர் தளர்ந்த கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை, ராஜினாமா செய்யும் மனசோடு கோமளம் வகுப்பைத் திறந்தாள். மேஜை மேல் புதுக் கிரையான் பெட்டிகள், பிள்ளைக்கு ஒன்றாக. பக்கத்தில் கட்டுக் கட்டாகச் சித்திரத் தாள். வைத்தது யார் என்று பியூன் யூஜினைக் கேட்டாள்.

"யாரும் வந்து நான் பார்க்கல மிஸ்."

அப்போது அலர்மேல்மங்கை அந்தப் பூசணிக்காயைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"தவறிப்போன எங்க மாமனாருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது டீச்சர், அச்சு அசல் அவரேதான்னு மூணு நாளா இவரு இதுக்கு முன்னாடியே உட்கார்ந்திருக்காரு, இது அழுகறதுக்குள்ள அந்தப் பிள்ளைங்களை ஒரு தாள்ல வரைஞ்சு தரச் சொல்றீங்களா?"