பொற்கல்லின் ஆறு முகங்கள்

கட்டுநர் சங்கத்தின் ஆண்டு விருதுக்குப் பொற்கல் என்று பெயர். ஆண்டின் சிறந்த கட்டடத்தை எழுப்பியவருக்கு மேடையில் அது வழங்கப்படும். படம் எடுத்து முடிந்ததும் திரும்ப வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். கனசதுரமாக, தங்க நிறத்தில், ஒரு கையால் தூக்க முடியாத கனத்தில் இருக்கும். அதன் தத்துவத்தை விழா மலர் ஆண்டுதோறும் விளக்கி வந்தது. ஆறு முகங்களும் நேர்மை, உறுதி, தரம், உழைப்பு, அழகு, காலந்தவறாமை ஆகியவற்றைக் குறிக்கும். ஒருமுறை மூலை உடைந்தபோது, அது பணிவைக் குறிக்கும் என்று சேர்த்தார்கள். அடியில் ஈரம் கசிந்து பாசி படர்ந்த ஆண்டில் அது சுற்றுச்சூழலைக் குறித்தது.

இந்த ஆண்டு வெள்ளி விழா. பொற்கல்லின் முழு வரலாற்றையும் மலருக்கு எழுதும் பொறுப்பு செயலாளர் தலையில் விழுந்தது. வரலாற்றுக்கு முன் பளபளப்பு வேண்டும் என்று, முலாம் பூசுகிறவரை வரவழைத்துப் பழைய பூச்சை நீக்கச் சொன்னார். சங்கத்து மண்டபத்தில் செயற்குழுவின் மேலான முன்னிலையில் வேலை தொடங்கியது.

சங்கத் தலைவருக்கு மனம் அங்கே இல்லை. ஒரே மகளின் கல்யாண வரவேற்பு அடுத்த வாரம் இதே மண்டபத்தில். தூண்களுக்கு எந்த நிறத்தில் துணி சுற்றலாம் என்று அவர் மனைவி சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது கல்லு இல்ல, கான்கிரீட்டு," என்றார் முலாம்காரர். "ஏதோ எழுத்து வேற கீறியிருக்கு."

செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "சங்க மண்டபம். தூண் நாலு."

கட்டடம் கட்டுகிறவர்கள் நிறைந்த செயற்குழுவுக்கு அது என்னவென்று உடனே புரிந்துவிட்டது. கான்கிரீட் கொட்டும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்துப் பெட்டியில் வார்த்து, இறுகியதும் எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். அது எவ்வளவு தாங்குகிறதோ அதுவே கட்டடத்தின் பலம். எந்த இடத்துக் கலவை என்று அந்தக் கட்டியில் கீறி வைப்பது தொழில் வழக்கம்.

மூலையில் ஆயுட்காலக் கௌரவத் தலைவர் கண்மூடி அமர்ந்திருந்தார். இந்த மண்டபத்தைக் கட்டியவரே அவர்தான்.

"ஐயா, இது எப்படிக் கோப்பையாச்சு?" என்று அவரிடம் கேட்டார் செயலாளர்.

"மொத வருஷம் கோப்பை செய்யறவன் கடைசி நேரத்துல கைவிரிச்சுட்டான். சாமான் ரூம்ல இது கெடந்துச்சு. தங்கப் பெயிண்ட் அடிச்சு நீட்டினேன். யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நசுக்கிப் பாக்கலையா?"

"இத எதுக்குப்பா நசுக்கணும்? நசுக்கறதுக்குன்னே சிமெண்ட அள்ளிப் போட்டுத் தனியா வேற வார்த்து அனுப்பினேன். அது நல்லா பேர் வாங்குச்சு. ஏன், நீங்கள்லாம் எப்படிப் பண்றீங்க?"

அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

முலாம்காரர் கட்டியைப் புரட்டினார். விரல் பட்ட இடம் மாவாக உதிர்ந்து மேசைமேல் சின்னக் குவியலாயிற்று. எல்லோரும் மெதுவாகக் கூரையைப் பார்த்தார்கள். பிறகு நாலாவது தூணைப் பார்த்தார்கள். அதில் சாய்ந்து நின்றிருந்த பொருளாளர், யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நின்றார்.

"அந்த ஃபேனை நிறுத்துங்க," என்றது ஒரு குரல்.

"பேசாம இத நசுக்கிப் பாத்துடலாமே," என்றார் செயலாளர்.

"நசுக்கிட்டா விருதுக்கு எங்க போறது? கோப்பைக்குச் சேதம் பண்றவங்கள நீக்கணும்னு விதி இருக்கு," என்றார் தலைவர்.

"அப்ப தூணுக்கு பலம் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாத வரைக்கும் இருக்கு."

இது ஏகமனதாக நிறைவேறியது. மேற்படி பொருள் கோப்பையேயன்றிக் கான்கிரீட் அன்று எனவும், அது உதிர்வது சங்கத்தின் ஈகையைக் குறிக்கும் எனவும் தீர்மானிக்கப்பட்டது. விழாவுக்கு வருவோர் மென்மையாகக் கைதட்டுமாறு அழைப்பிதழிலேயே கேட்டுக்கொள்வது என்றும் முடிவாயிற்று.

தலைவரின் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டார். "என் பொண்ணு வரவேற்பு இங்க நடக்காது."

"இப்பத்தானே தீர்மானம் போட்டோம்?"

"அது உங்க சங்கத்துக்கு. இவ நான் பெத்தவ."

தலைவர் ஃபோனை எடுத்தார். ஊரில் அரங்கங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் உறுப்பினர்கள் கட்டியவை, பாதிக்குமேல் பொற்கல் வாங்கியவை.

"பாப்பா வரவேற்புக்கா?" என்று முதல் ஆள் இழுத்தார். "அண்ணே, வேற யாருக்காவதுன்னா சாவியையே குடுத்துடுவேன். பாப்பா என் கண்ணு முன்னால வளந்த பொண்ணு. வேணாம்ணே."

போன ஆண்டு பொற்கல் வாங்கியவர் கேள்விகள் கேட்டார். "கூட்டம் நிறைய வருமா?"

"வரும்."

"ஆடுவாங்களா?"

"சின்னஞ்சிறுசுங்க ஆடாம இருக்குமா?"

"அப்ப வேணாம் தலைவரே. சும்மா பாக்கறதுக்குன்னா எப்ப வேணா கூட்டிட்டு வாங்க."

மூன்றாமவர் மனம் புண்பட்டார். "என் பையன் கல்யாணத்தையே நான் அங்க வைக்கல. என்கிட்ட போய்க் கேக்கறீங்களே."

"ஆத்தோரத்துல நீங்க கட்டின அரங்கம் ஒண்ணு இருக்குதே," என்றார் மனைவி.

தலைவர் ஃபோனைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி பந்தல்காரருக்கு ஃபோன் போட்டார்.

வரவேற்பு ஒரு பகல் விருந்தாக, திடலில், துணிப் பந்தலில் நடந்தது. விழுந்தாலும் துணிதானே என்று உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். மண்டபத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விருது விழாவையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். ஆண்டின் சிறந்த கட்டடமாக அந்தப் பந்தல் தேர்வாயிற்று. நடுவர்கள் குடும்பத்தோடு உள்ளே வந்த ஒரே கட்டடம் என்பது சிறப்புக் காரணமாகச் சொல்லப்பட்டது. பொற்கல் கைமாறியபோது பாதி பந்தல்காரரின் சட்டையில் உதிர்ந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. இங்கே பலமாகத் தட்டலாம்.

அதற்குள் கதை பந்தி பந்தியாகப் பரவிவிட்டது. மணப்பெண் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனாள். சாப்பாடு முடிந்து, நாற்காலி எடுக்க ஆட்கள் வந்தார்கள்.

"வீட்டுக்குப் போகலையா சார்?"

செயலாளரின் வீட்டைக் கட்டியவர் தலைவர். தலைவரின் வீட்டைக் கட்டியவர் செயலாளர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன அவசரம்," என்றார் தலைவர். "நல்லா காத்து வருது."

விருந்துக்கு வந்த நாங்களும் எழுந்தோம். அவரவர் வீட்டு வாசலில் பதித்திருந்த கட்டுநரின் பெயர் நினைவுக்கு வர, ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தோம். தலைக்கு மேலே வெள்ளைத் துணி காற்றில் எழுந்து எழுந்து தாழ்ந்தது.