சம்பந்தி பாட்டும் காலி ஸ்டேஷனும்

"எந்தக் கருவியையும், அது பயன்படப்போகும் இடத்திலேயே இயக்கிப் பார்த்த பிறகுதான் ஏற்புச் சான்றில் கையொப்பமிட வேண்டும்." நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் குப்பை கொட்டிய அலுவலகத்தின் கொள்முதல் விதிகளில் இது ஒன்று. தண்ணீர் பம்ப்பைக் கிடங்கு வாசலில் ஓட்டிக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்ட ஒப்பந்தக்காரரை, "கெணத்துல எறக்கி ஓட்டிட்டு வாங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியவன் நான். அவர் என்னைப் பற்றி வெளியே என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். (சொன்னது சரிதான்.)

அந்த விதியை என் சொந்தக் காரில் நான் கடைப்பிடிக்கவில்லை. அதன் விளைவாக என் மகளின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

வாசுகி அதுவரை பதினோரு வரன்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். பன்னிரண்டாவதாக வந்தவர் அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. இரண்டு பேரும் ஒரு முறை பேசினார்கள். வீட்டுக்கு வந்தவள், "சரிப்பா" என்றாள். நானும் என் மனைவி சரோஜாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இனி பையனின் அப்பா ஏகாம்பரம் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. எட்டு விசைத்தறிகளுக்குச் சொந்தக்காரர். ஊர் பஜனைக் குழுவில் முன்பாட்டு அவருடையதுதான். ஆனி கடைசி வாரத்தில் மனைவியோடு திருத்தணிக்கு வந்து, சாமி பார்த்துவிட்டு, மலையிலேயே முடிவைச் சொல்வதாக ஏற்பாடு.

வருவதற்கு ஒரு வாரம் முன்பு, தாம் பாடிய முருகன் பாட்டு ஒன்றை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். பதினான்கு நிமிடம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. தரிசனம் முடிந்து காரில் வந்து உட்கார்ந்ததும் அவர் குரலையே அவருக்கு ஒலிக்கவிட்டால் மனிதர் உருகிவிட மாட்டாரா?

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. என் காரில் கம்பெனி பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோவில் ரேடியோ உண்டு, சிடி உண்டு. போனைச் செருக வழி கிடையாது. ப்ளூடூத் என்ற சொல் பிரபலமாவதற்கு முன் பிறந்த ஸ்டீரியோ அது.

சரோஜாவின் தம்பி முனிரத்தினத்துக்குக் கனகம்மாசத்திரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. வரச் சொன்னேன்.

"பாவா, இதுல ஆக்ஸ் ஓட்டையே இல்ல. புதுசா ஒரு செட்டு வாங்கி மாட்டிடலாங்க."

"கம்பெனி வெச்சது. அதுல கைவைக்கக் கூடாது."

"கைவைக்கத்தான என்னக் கூப்ட்டீங்க."

ஸ்டீரியோவை உருவி எடுத்து, குமிழ்களைக் கழற்றி, மூடியைத் திறந்து, வால்யூம் குமிழின் கால்களில் மூன்று கம்பிகளைப் பற்றவைத்தான். ஒன்று இடது, ஒன்று வலது, ஒன்று எர்த். கம்பிகளின் மறுமுனையில் போனைச் செருகலாம். ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்தால், அந்த நிசப்தத்தின் மேல் போன் பாடும்.

"ஒரு சுவிட்சாவது போடணும் பாவா. போன் பாடறப்ப ரேடியோவ வெட்டி வுட்டுடும். இல்லன்னா ரெண்டும் கலக்கும்."

"சுவிட்சுக்கு டேஷ்போர்டுல ஓட்டை போடணும். முடியாது. காலி ஸ்டேஷன்ல வெச்சா எதுய்யா வந்து கலக்கப் போவுது?"

"காலியா இருந்தா சரிதாங்க. காலியாவே இருக்கணுமே."

ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சரோஜா, "போன நேரா அவரு கையில குடுத்தா கேட்டுக்க மாட்டாரா?" என்றாள். முறையான கேள்வி அல்ல என்பதால் பதில் சொல்லவில்லை.

மூன்று நாள் சோதனை நடத்தினேன். எஞ்சின் நிறுத்தி, ஓட்டி, ஹாரன் அடித்து, வைப்பர் போட்டு, ஏசி போட்டு. எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, கீழே நான் ஒரு கையெழுத்து, முனிரத்தினம் ஒரு கையெழுத்து. அந்தக் காலி இடத்தில் ஒரு கொசுச் சத்தம்கூட இல்லை. இருக்காதுதான். எங்கள் தெருவுக்கு வடக்கே திருத்தணி மலை. மலைக்கு வடக்கே ஆந்திரா. அந்தப் பக்கத்து நிலையங்கள் எங்கள் வீட்டை எட்டிப் பார்க்க முடியாதபடி முருகனே குறுக்கே நின்றுகொண்டிருந்தார். சோதனை முழுவதும் அவர் நிழலில் நடந்தது. பாட்டு ஒலிக்கப்போவதோ அவர் தலைமேல்.

அந்த நாளும் வந்தது. ஏகாம்பரம் சரிகை வேட்டியில் வந்தார். கூட அவர் மனைவி தேசம்மாள். எங்கள் பக்கத்தில் நானும், கம்பி கழன்றால் மாட்ட முனிரத்தினமும். பையனுக்கு அன்று டியூட்டி. தரிசனம் நன்றாக முடிந்தது. மாலையும் விபூதியுமாக வந்து, மலைமேல் நிறுத்தியிருந்த காரில் ஏறினார்கள். வெயிலுக்காக நான்கு கதவுகளும் திறந்திருந்தன. பத்தடி தள்ளி ஒரு புது லாரிக்கு பூஜை. ஐயர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். இருபது முப்பது பேர் கும்பிட்டபடி நின்றிருந்தார்கள்.

"ஒரு நிமிஷம். உங்களுக்கு ஒண்ணு கேக்க வெக்கிறேன்," என்று போனைச் செருகிப் பாட்டை ஓடவிட்டு, சாவியைத் திருப்பி ஸ்டீரியோவைப் போட்டேன்.

ஏகாம்பரத்தின் குரல் ஆறு ஸ்பீக்கரிலும் நிறைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். லாரிப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். உச்சஸ்தாயியில் அவர் "ஆ" என்று நீட்டினார். பத்து விநாடி நீட்டினார். மூச்சு வாங்க நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் ஒரு பெண்குரல் தெள்ளத்தெளிவாகக் கேட்டது: "மீ கேதெ ரோஜந்தா அருஸ்தூனே உந்தா?"

(உங்கள் எருமை நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறதா?)

எங்கள் பக்கத்தில் தெலுங்கு தெரியாதவர் யாரும் இல்லை. ஐயருக்கும் தெரியும்.

பாட்டில் ஏகாம்பரம் மறுபடியும் "ஆ" என்றார். "தானிகி கடுப்புலோ பாத உந்தேமோ சூடண்டி," என்றாள் அந்தப் பெண். வயிற்றுவலியாக இருக்கப்போகிறது, பாருங்கள் என்கிறாள். ஆந்திர நிலையத்தின் மாட்டு மருந்து விளம்பரம்; மலையுச்சியில் குறுக்கே நிற்க யாரும் இல்லை.

பதற்றத்தில் கையில் அகப்பட்டதைப் பிடுங்கினேன். அகப்பட்டது போன் கம்பி. பாட்டு நின்றது, எருமை மட்டும் முழு வால்யூமில் தொடர்ந்தது. குமிழைத் திருகினேன். கழற்றி மாட்டிய குமிழ் அல்லவா, கையோடு வந்துவிட்டது.

"சாவிய திருப்புங்க பாவா," என்று பின்சீட்டிலிருந்து முனிரத்தினம் கத்தினான். திருப்பினேன்.

எருமை அடங்கியது. லாரிப் பக்கமிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "எருமைக்கு இன்னா ஆச்சாம்?"

ஏகாம்பரம் இறங்கினார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாங்க படியில எறங்கிக்கிறோங்க," என்றார். தேசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பின்னால் போனார்.

"முடிவு..." என்றேன்.

"சொல்லி அனுப்புறேன்."

குமிழைப் பிடித்தபடி நின்றேன்.

மூன்றே நாளில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். நாம் எடுப்பதும் முறையல்ல. ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று தோன்றியது. இரண்டு பக்கத்தில் விளக்கக் கடிதம் தயாரித்தேன். நிகழ்வு, காரணம், வானொலி அலைகள் மலையைக் கடக்கும் விதம், இணைப்பாக ஒரு வரைபடம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் சரோஜாவிடம் நகலைக் காட்டினேன்.

அவள் படித்து முடித்தாள். "எருமைன்னு எத்தினி எடத்துல எழுதிகிறீங்க?"

எண்ணிப் பார்த்தேன். "ஏழு."

"அவுரு மறந்துகினு இருந்திருப்பாரு," என்று எழுந்து போய்விட்டாள்.

ஒப்புகை அட்டை மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. வாசுகி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அரக்கோணத்துப் பள்ளிக்கூட வேலைக்கு என் காரில் ரயிலடிவரை வருபவள், டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். "நீங்க ஒண்ணும் தப்பா பண்லப்பா. எல்லாம் ரூல்ஸ்படிதான பண்ணீங்க," என்றாள் ஒரு நாள். அன்று நான் சாப்பிடவில்லை. பையனிடமிருந்து அவளுக்கு வந்ததெல்லாம் ஒரே செய்திதான்: "அப்பா இன்னும் பேசல." ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடி, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. எதிலும் எருமை குறுக்கே வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஒருவருக்கொருவர் பேச்சில்லை.

ஆர்.கே.பேட்டையில் அந்த மாதம் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தேசம்மாளே சொன்னார். முந்நூற்று அறுபத்தைந்து படியும் அவர் சிரித்துக்கொண்டே இறங்கினாராம். நடுவில் நான்கு இடத்தில் உட்கார வேண்டி வந்ததாம். "முப்பது வருசமா நான் சொல்லணும்னு நெனச்சத அந்த ரேடியோ சொல்லிடுச்சி. எடுத்தா அந்த வூட்லதான் பொண்ணு எடுக்கணும்னு ஒரே முடிவா சொல்லிட்டேன்." ஏகாம்பரம் மாதம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கடிதத்தை மட்டும் மூன்று முறை படித்தாராம். மூன்றாம் முறை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

இன்றைக்கும் எந்த விசேஷத்திலாவது அவர் தொண்டையைச் செருமினால் போதும், தேசம்மாள் பந்தியிலிருந்தே குரல் கொடுப்பார்: "அதுக்குத் தீவனம் வெச்சீங்களா யாராவது?" பேரப்பிள்ளைகள் உருண்டு புரள்வார்கள். அவரும் சிரித்துவிட்டுத்தான் பாட ஆரம்பிப்பார்.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. தபால்காரர் ஒரு உறையை நீட்டினார். பிரிக்கும் தைரியம் இல்லாமல் வாசுகியிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். அதில் நான்கே வரி:

"தங்கள் கடிதம் கண்டேன். வரைபடம் விளங்கவில்லை. நல்ல நாள் பார்த்து நிச்சயம் வைத்துக்கொள்வோம். பாட்டு நான் நேரிலேயே பாடிக்கொள்கிறேன்."

வாசுகி அழுதாளா சிரித்தாளா என்று பார்க்க எனக்குக் கண் தெளிவாக இல்லை. பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மூலையில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்தேன்: ஆவணி இரண்டு.