டிரைவரைக் கொன்றது யார்

மர்மக்கதை எழுதுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து உங்கள் கழுத்தையே பாசத்தோடு பார்த்துக்கொண்டு வருவார், உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருமுன் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்ப்பார், மருந்துக் கடையில், "தடயமே இல்லாம ஆளை முடிக்க என்ன இருக்கு?" என்று விசாரித்துவிட்டு, இருமலுக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போவார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுவார்.

நம் கதாசிரியர் முப்பத்தாறு வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறார். மாதம் ஒரு நாவல், வாரம் நான்கு பக்கம் காமிக்ஸ். இரண்டிலும் ஒரே துப்பறிவாளர், அவருக்கு ஒரே டிரைவர். இதுவரை எழுநூற்றுப் பதினெட்டுக் கொலைகள். குத்துமதிப்பு என்று நினைக்காதீர்கள். செத்தவர், செத்த விதம், அன்றன்று எழுதிய காட்சி, எழுதிய மணி எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஊரின் பிறப்பு இறப்புக் கணக்குகூட அவ்வளவு சுத்தமாக இராது.

எழுதும் முறை ஒன்றுதான். குற்றவாளியை முதலில் முடிவு செய்வார். தடயங்களைப் பிறகு சாவகாசமாகத் தூவுவார். தொழிலுக்கு நல்ல முறை. வெளியேயும் அதையே வைத்துக்கொண்டதுதான் வம்பு.

ஒரு மாதம் நாவலில் டிரைவர் ஆற்றோடு போனார். அதே வாரக் காமிக்ஸில் அதே டிரைவர் பாடிக்கொண்டே கார் துடைத்தார். வாசகர்கள் சும்மா விடுவார்களா? அறுபத்து மூன்று கடிதங்கள். பத்திரிகை ஆசிரியர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "தப்பு யாருதுன்னு சொல்லுங்க. அவரைக் காமிக்ஸ்லேர்ந்து எடுத்துடறேன்."

கதாசிரியருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காமிக்ஸுக்குப் படம் வரையும் ஓவியர். வேறு யார்?

ஞாயிறு காலை மனைவி, ஓவியர், பத்திரிகை ஆசிரியர் மூவரையும் கூடத்தில் உட்கார வைத்தார். கடைசி அத்தியாயத்துத் துப்பறிவாளர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கூடம் சின்னது, நாலு அடிக்கு ஒரு தரம் திரும்ப வேண்டியிருந்தது.

"குற்றவாளி இந்த ரூம்லதான் இருக்கார்."

"இருக்கட்டும். நீங்க உட்கார்ந்து சொல்லுங்க, முட்டி வலிக்கும்," என்றார் மனைவி.

"தம்பி, செத்தவனை எதுக்கு உயிரோட வரைஞ்சே?"

"செத்ததே எனக்குத் தெரியாதுண்ணே," என்றார் ஓவியர். "நீங்க எழுதிக் குடுத்ததுல கார் துடைக்கிறான்னு இருந்துச்சு. துடைக்க விட்டேன்."

"நான் எழுதியிருக்கவே முடியாது. பதிவேடு பேசும்."

பேசியது. "செவ்வாய், காலை பத்து நாற்பது. டிரைவர். ஆற்றில் தள்ளப்பட்டார்" என்று கணீரென்று படித்தவர், அடுத்த வரியில் கண் போனதும் நின்றுவிட்டார். மூடிவிடலாம். எதிரே இருந்தவர்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து எட்டாது. ஓவியர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்; வாரம் நான்கு பக்கம் போனால் அவருக்கு வேறு வேலை இல்லை.

"ஏன் நின்னுட்டீங்க? படிங்க," என்றார் மனைவி.

முப்பத்தாறு வருடங்களில் ஒரு வரியைக்கூட அடித்துத் திருத்தாதவருக்கு, எழுதிய வரியை விழுங்கவும் வரவில்லை.

"பதினொன்று ஐந்து. காமிக்ஸ். டிரைவர் கார் துடைக்கிறார். பாடுகிறார்."

"கொன்னு இருபத்தஞ்சே நிமிஷத்துல பாட வச்சிருக்கீங்க," என்றார் மனைவி. "நடுவுல நான்தான் டீ குடுத்தேன். வேணும்னா என் மேல போடுங்க."

பத்திரிகை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "அப்ப யாரை எடுக்கட்டும்?"

"என்னைத்தான்," என்றார் கதாசிரியர். பேனாவைத் திறந்து மணி பார்த்து அதையும் பதிந்தார். செத்தவர்: காமிக்ஸ் கதாசிரியர். விதம்: சொந்தக் கையெழுத்து.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் சாவி காணாமல் போனதே, தேடத் தொடங்குமுன் யாரைப் பார்த்து முறைத்தீர்கள்? சாவி பிறகு யார் சட்டைப்பையிலிருந்து வந்தது? உங்களிடம் பதிவேடு கிடையாது. தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.