ஹாரன் ஸ்பீக்கரும் மகளின் அறைக்கதவும்

வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கர் வாங்குபவர் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ் ஒலி, குறைந்த வாட்டிலும் நல்ல சத்தம் மூன்றும் சேர்ந்து கிடைக்காது. என் ஆம்ப்ளிஃபையர் தருவது எட்டே வாட். முதலில் மாட்டிய சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கம் பிஸ்கட் டின்னைத் தட்டுவதுபோலக் கேட்டது. ஆகவே இடத்தை விட்டுக்கொடுத்தேன். (அது என் இடம் மட்டுமல்ல என்று மனைவி கலா முன்பே சொல்லியிருந்தாள்.)

சிங்கப்பூரில், கேலாங் பகுதியில் ஒருவர் வீடு மாறும்போது கழித்துவிட்ட ஹாரன் ஸ்பீக்கர் ஜோடி, புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் துணி அலமாரி மாதிரி. சுவர் மூலையில் வைத்தால்தான் பாஸ் வரும். ஹாலில் ஒரு மூலை காலியாக இருந்தது. மற்ற மூலையில் மகள் நித்யாவின் அறைக்கதவு.

அந்த ஞாயிறு மாலை நித்யாவின் காதலன் பிரவீன், கல்யாணம் பேசப் பெற்றோருடன் வருவதாக இருந்தது. கலா சமையலறையில் இருந்தாள். நித்யா அறையைச் சாத்திக்கொண்டு புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரே ஒரு பாட்டு கேட்டுவிடலாமே என்று, இரண்டாவது ஸ்பீக்கரை ஒரு போர்வைமேல் ஏற்றி இழுத்து, அவள் கதவை அடைத்தாற்போல் நிறுத்தினேன். போர்வையையும் உருவிவிட்டேன். பாஸ் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அழைப்பு மணி எனக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பனியனில் இருந்தேன்.

பாட்டை நிறுத்தினேன். நித்யா உள்பக்கமாகக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது ஸ்பீக்கரின் முதுகு மட்டுமே.

"அப்பா, நான் வெளிய வரணும்லா."

தள்ளினேன். அடியிலிருந்த ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. இன்னொரு முறை முக்கியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிரவீன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்தான். அவனும் அவன் அப்பாவும் ஸ்பீக்கரை நகர்த்த, நித்யா பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தாள். புடவை மடிப்பு கலைந்திருந்தது. என்னைத் தவிர எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

கல்யாணப் பேச்சு முழுவதையும் சோபாவில் குப்புறப் படுத்தபடி கேட்டேன். தைலம் தேய்த்துவிட்டவர் சம்பந்தி.

இப்போது நடுத்தர அளவில் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பாஸை விட்டுக்கொடுத்தாயிற்று. ஆனால் எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் மருமகன் பிரவீன் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "மாமா பொண்ணை எங்க குடுத்தாரு? நான்தான் ஸ்பீக்கரைத் தள்ளிட்டுக் கூட்டிட்டு வந்தேன்."